மெடிலா ஹார்மனி கைப் பம்ப்: வாங்கும் முன் தெரிய வேண்டியவை

பிரசவத்துக்குப் பை கட்டும்போதே பால் எடுக்கும் பம்பையும் வாங்கி உள்ளே வைத்துவிடும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. அவ்வளவு அவசரம் தேவையில்லை. குழந்தை பிறந்த முதல் இரண்டு மூன்று நாளில் சுரப்பது சீம்பால். கெட்டியாக, துளித் துளியாகத்தான் வரும். அதைப் பம்பில் எடுத்தால் பாதி மார்பில் வைக்கும் புனலிலும் வால்வின் மடிப்பிலும் ஒட்டிக்கொள்ளும். பாட்டிலில் ஒன்றும் விழவில்லையே என்று தாய் கலங்குவாள், பக்கத்தில் இருப்பவர்கள் "பால் பத்தலை" என்று முடிவே கட்டிவிடுவார்கள். பிறந்த அன்று குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏற்பது ஒன்றிரண்டு டீஸ்பூன்தான். அந்த அளவை எடுக்கக் கை போதும்.

கையால் எடுப்பதற்கு: கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காம்பிலிருந்து சுமார் மூன்று நான்கு சென்டிமீட்டர் பின்னால் கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயும் இருக்கட்டும். முதலில் விரல்களை நெஞ்சு நோக்கிப் பின்னால் அழுத்துங்கள், பிறகு இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது. வழுக்கினால் தோல் எரியுமே தவிரப் பால் வராது. காம்பை மட்டும் பிடித்து இழுப்பதும் வீண், பால் நிற்கும் இடம் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. ஒரு இடத்தில் வரத்து குறைந்ததும் விரல்களைக் கடிகார முள் போலச் சுற்றி நகர்த்துங்கள். வரும் சொட்டுகளைக் கழுவிக் கொதிக்க வைத்த சின்னக் கரண்டியிலோ பாலாடையிலோ (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள கிண்ணம்) ஏந்தி நேராகக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் இறங்கிய பிறகு, சிலருக்குக் கைப் பம்ப் நிஜமாகவே உதவும். மார்பு கல்லாகக் கட்டிக் குழந்தையால் கவ்வ முடியாதபோது, காம்பு வெடித்து ஒரு பக்கத்துக்கு ஓய்வு தேவைப்படும்போது, தாய் சில மணி நேரம் வெளியே போக வேண்டியிருக்கும்போது. இந்த மூன்றுக்கும் ஹார்மனி நல்ல பம்ப். உள்ளூர் பிராண்டுகளைவிட விலை கூடியதுதான். ஆனாலும் கொடுக்கும் காசுக்கு வேலை செய்கிறது என்பதே எங்கள் முடிவு. இங்கே சொல்வது மஞ்சள் வால்வும் வெள்ளைச் சவ்வும் உள்ள மாடலைப் பற்றி.

மெடிலா சுவிட்சர்லாந்து நிறுவனம். 1961-ல் தொடங்கியது. ஹார்மனியின் சிறப்பு அதன் கைப்பிடியில் இருக்கிறது. ஒரு முனை குட்டை, மறு முனை நீளம். பிள்ளை வாய் வைத்ததும் முதலில் வேகவேகமாக, மேலோட்டமாகச் சப்பும். பால் இறங்கியதும் மெதுவாக, ஆழமாக இழுக்கும். இந்தப் பம்பிலும் அப்படித்தான். முதலில் குட்டை முனையைப் படபடவென்று இலேசாக அமுக்குங்கள். பால் ஓடத் தொடங்கியதும் கைப்பிடியைத் திருப்பி, நீள முனையை நிதானமாக இழுத்து விடுங்கள். பால் இறங்க ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கலாம். அந்த நேரத்தில் குழந்தை பக்கத்தில் இருந்தால், அல்லது அதன் துணியோ புகைப்படமோ கையில் இருந்தால் சீக்கிரம் இறங்கும். பாலைத் தள்ளிவிடும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் பதற்றத்தில் தடைப்படும், அமைதியில் வரும். பாட்டிலையே உற்றுப் பார்த்துக்கொண்டு பம்ப் செய்பவர்களுக்குக் குறைவாக வருவது இதனால்தான். பாட்டில் மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள்.

கைப்பிடியைக் கடைசி வரை இழுத்தால் அதிகப் பால் வரும் என்பது தவறான நம்பிக்கை. வலி வந்தால் பால் இறங்குவது நிற்கும். வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துவதுதான் சரியான இழுப்பு. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வரத்து குறைந்ததும் மறு பக்கம் மாற்றி, வேண்டுமானால் திரும்ப முதல் பக்கத்துக்கு வரலாம்.

இனி புனல். பம்ப் சரியில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் புனல் அளவைப் பற்றியவைதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டியில் வருவது 24 மில்லிமீட்டர் புனல். இந்த அளவு குறிப்பது காம்பு நுழையும் குழாயின் விட்டத்தை. மார்பின் பருமனுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பம்ப் செய்வதற்கு முன், ஸ்கேலால் காம்பின் அடிப்பகுதி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், கருவட்டத்தைச் சேர்க்காமல். அதோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூட்டினால் தொடக்க அளவு கிடைக்கும். பிறகு கண்ணால் பாருங்கள். காம்பு குழாயின் பக்கச் சுவரில் உரசி, வெளியே எடுக்கும்போது வெளிறியோ சிவந்தோ இருந்தால் புனல் சிறியது. கருவட்டமும் நிறைய உள்ளே இழுபட்டு, பம்ப் செய்து முடித்ததும் அந்த இடம் வீங்கிப் புடைத்திருந்தால் புனல் பெரியது. பெரிய புனலில் காற்று கசியும், இழுப்பு குறையும், பாலும் குறையும். நிறையப் பேருக்கு 24 பெரிதாகவே இருக்கிறது. மெடிலாவில் 21, 27, 30, 36 அளவுகளும் தனியாகக் கிடைக்கும். இடது வலது இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்றும் நினைக்க வேண்டாம். புனலை மார்பில் அழுத்திப் பிடிப்பதும் தவறு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புனலைத் தாங்கி, உள்ளங்கையால் மார்பை ஏந்தினால் போதும். அழுத்தினால் விளிம்பு பதியும் இடத்தில் பால் நாளம் நெரிபட்டு அங்கேயே கட்டிக்கொள்ளும்.

நேற்று வரை நன்றாக இழுத்த பம்ப் இன்று இழுக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வெள்ளைச் சவ்வு. மஞ்சள் வால்வின் மேல் அது ஒரு சுருக்கமும் இல்லாமல் தட்டையாக ஒட்டியிருக்க வேண்டும். ஓரம் தூக்கியிருந்தாலோ முடி அளவு கிழிந்திருந்தாலோ, நடுவில் பால் காய்ந்து ஒட்டியிருந்தாலோ இழுப்பு போய்விடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கழுவும்போது நகத்தால் நோண்டுவதும் பிரஷ்ஷால் குத்துவதும்தான் இதைக் கிழிக்கும். பம்ப் வாங்கும் அன்றே இரண்டு சவ்வு கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. ராத்திரி இரண்டு மணிக்கு மார்பு கட்டிக்கொண்டு கிடக்கும்போது எந்தக் கடையும் திறந்திருக்காது. அடுத்துப் பார்க்க வேண்டியது, கைப்பிடித் தண்டில் இருக்கும் ஓ-ரிங் என்ற சின்ன வளையம். கழுவும்போது கழன்று சிங்க்கில் போய்விடும். மூன்றாவது, மேலே இருக்கும் சிலிகோன் டயாஃப்ரம், அதாவது கைப்பிடியோடு மேலும் கீழும் அசையும் வட்டத் தகடு. அதன் விளிம்பு சுற்றிலும் சரியாக உட்காரவில்லை என்றால் காற்று புகும்.

மருந்துக்கடைகளில் ரப்பர் பல்ப் வைத்த பழைய பம்ப் இன்னும் விற்கிறது. விலை மிகக் குறைவு. வாங்காதீர்கள். பால் எளிதில் பல்புக்குள் ஏறிவிடும், உள்ளே கழுவவும் முடியாது, அதில் கிருமி வளரும். இழுப்பைக் கட்டுப்படுத்தவும் வழியில்லை, காம்பு காயப்படும். காசு போதவில்லை என்றால் இதைவிடக் கையால் எடுப்பதே சிறந்தது.

காம்பு உள்வாங்கியிருக்கிறது என்பதற்காகவும் பலர் பம்ப் வாங்குகிறார்கள். பால் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் பம்பால் இழுத்துக் காம்பை வெளியே கொண்டுவரலாம், அது உண்மை. ஆனால் அதற்கு மட்டும் என்றால் 20 மில்லி சிரிஞ்ச் போதும். ஊசி மாட்டும் முனையை நேராக வெட்டிவிட்டு, வெட்டிய பக்கத்தின் வழியாகப் பிஸ்டனை நுழைக்க வேண்டும். மழுமழுப்பான மறு முனையைக் காம்பின் மேல் வைத்து, பிஸ்டனை மெதுவாக இழுத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடித்திருங்கள். எடுப்பதற்கு முன் பிஸ்டனைச் சற்று உள்ளே தள்ளி இழுப்பைத் தளர்த்த வேண்டும். அப்படியே பிடுங்கினால் தோல் புண்ணாகும். வெட்டிய பக்கம் தோலில் படவே கூடாது. பல மருத்துவமனைகளில் செவிலியர்களே இதைச் செய்து காட்டுவார்கள்.

பால் கட்டிக்கொண்ட மார்புக்குப் பம்பை எப்படிப் பயன்படுத்துவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. மார்பு காலியாகும் வரை எடுப்பது தவறு. எடுக்க எடுக்க உடம்பு இன்னும் வேண்டும் என்று புரிந்துகொண்டு அதிகம் சுரக்கும், கட்டு மறுநாளும் வரும். கருவட்டம் இளகிக் குழந்தை கவ்வும் அளவுக்கு எடுத்தால் போதும், மிச்சத்தைக் குழந்தை குடிக்கட்டும். பம்ப் வைப்பதற்கு முன் விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சு நோக்கி ஒரு நிமிடம் போல அழுத்திப் பிடியுங்கள். வீக்க நீர் பின்னால் தள்ளப்பட்டுக் கருவட்டம் மெத்தென்றாகும். பல நேரம் இதற்குப் பிறகு பம்பே தேவைப்படாது. பால் கொடுத்த பிறகு குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுங்கள். கட்டியைக் கட்டைவிரலால் பலமாகத் தேய்த்து உடைக்கப் பார்ப்பது வீக்கத்தைக் கூட்டும். வீட்டுப் பெரியவர்கள் நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனாலும் தடுத்துவிடுங்கள். மார்பின் ஒரு பகுதி சிவந்து, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

ஹார்மனியோடு வரும் பாட்டில் 150 மில்லி பிடிக்கும். அதில் உள்ள கோடுகளைத் தன் பாலின் மதிப்பெண்ணாக எந்தத் தாயும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தை குடித்து முடித்த பிறகு எடுத்தால் 15 முதல் 30 மில்லி வருவதே இயல்பு. குழந்தை இழுக்கும் அளவுக்கு எந்தப் பம்பும் இழுக்காது. பால் போதுமா என்பதை ஈரத் துணியிலும் எடையிலும்தான் பார்க்க வேண்டும். ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். பிறந்ததும் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வேண்டும்.

எடுத்த பாலை முதல் சில வாரங்களில் ரப்பர் காம்பில் கொடுக்காமல் பாலாடையில் கொடுப்பது நல்லது. பாட்டிலில் தானாக ஓடிவரும் பாலுக்குப் பழகிய குழந்தை மார்பில் உழைத்துக் குடிக்க மறுக்கலாம். பாலாடை வாங்கும்போது உள்பக்கம் ஒட்டு வேலையோ மடிப்போ இல்லாத எவர்சில்வரைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் சுத்தம் செய்ய எளிது. குழந்தையைக் காலில் மல்லாக்கப் படுக்கவைத்து வாயில் ஊற்றுவது பழைய முறை, அதில் புரையேறும் ஆபத்து இருக்கிறது. நன்றாக விழித்திருக்கும் குழந்தையைத் தலை உயர மடியில் நிமிர்த்தி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மேல் வைத்துச் சாயுங்கள். குழந்தை நாக்கால் இழுத்து விழுங்கிய பிறகே அடுத்த வாய்.

பாலைச் சேமிப்பதில், 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் நான்கு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் நம் வீடுகளுக்கு அது பொருந்தாது, எடுத்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். கதவில் வைக்காமல் உள்தட்டில் பின்பக்கமாக வையுங்கள். நான்கு நாள் வரை வைக்கலாம் என்று வழிகாட்டுதல் இருந்தாலும், கரண்ட் போய் வரும் ஊரில் ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுவது பாதுகாப்பு. மேலே ஆடை போலக் கொழுப்பு பிரிந்து நிற்பது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தி மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சுட வைக்க வேண்டாம். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு ஹார்மனி பாதி உதவிதான். சத்தம் குறைவு, கரண்ட் வேண்டாம், கைப்பையில் அடங்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் எடுக்க முடியும், தினம் மூன்று நான்கு முறை என்றால் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். அலுவலகத்தில் தினமும் எடுக்க வேண்டியவர்கள் இரண்டு பக்கமும் ஒன்றாக இழுக்கும் மின் பம்பையே வாங்கலாம். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, நாளுக்கு எட்டு முறையாவது எடுத்தாக வேண்டிய தாய்மாருக்கு ஹார்மனி போதவே போதாது. மருத்துவமனையில் இருக்கும் பெரிய மின் பம்பைக் கேளுங்கள், வெளியே வாடகைக்கும் கிடைக்கும். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 (முன்பு 1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம்), குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை உறுதி செய்கிறது. மதிய உணவு இடைவேளை அதில் சேராது. இந்த உரிமையை வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சுத்தம் செய்வதில் ஒரே ஒரு கண்டிப்பு: ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் பால் பட்ட எல்லாப் பாகத்தையும் கழற்ற வேண்டும். வால்விலிருந்து சவ்வையும் பிரித்தே கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் சிங்க்கில் போடாமல், இதற்கென்று தனியாக ஒரு பேசின் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால் நாளுக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். பாத்திரத்தின் அடியில் ஒட்டாமல் தண்ணீர் நிறைய இருக்கட்டும், அடியில் பட்டால் பாகங்கள் கெட்டுவிடும். துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். அக்கா பயன்படுத்தியது, தோழி கொடுத்தது என்று பழைய கைப் பம்பை வாங்கிப் பயன்படுத்த வேண்டாம், இது ஒருவருக்கானது.