பூ விதை மட்டும் போதுமா, புல்லும் வேண்டுமா?

ஒரு துண்டு நிலத்தைத் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் விட்டுவிடலாம் என்று நினைப்பவர் முன்னால் மூன்று வகை விதைக் கலவைகள் இருக்கும்: ஓராண்டுப் பூக்கள், பல்லாண்டுப் பூக்கள், பூவும் புல்லும் கலந்தது. பாக்கெட்டின் படத்தைப் பார்த்தால் முதல் வகையைத்தான் கை எடுக்கும்.

அதில் தப்பில்லை. பாப்பி, கார்ன்ஃப்ளவர் எல்லாம் விதைத்த சில மாதங்களிலேயே பூத்துக் குலுங்கும். ஆனால் இவை உழுத வயலோடு வாழ்ந்து பழகியவை. ஆண்டுதோறும் மண்ணைக் கிளறாவிட்டால் இரண்டு, மூன்று வருடத்தில் காணாமல் போய்விடும். கிளறினாலோ, மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும் உயிர்கள் கலைந்துபோகும்.

பல்லாண்டுப் பூ விதையை மட்டும் வாங்குவது, மெல்லிய புல் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குச் சரி. வெறும் நிலத்தில் இடைவெளிகளைக் களை பிடித்துக்கொள்ளும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. எடையில் 80 சதவீதம் புல், 20 சதவீதம் பூ என்பது வழக்கமான அளவு. ஏமாற்றுவதுபோலத் தெரியும். ஆனால் மீடோ பிரௌன், பல வகை ஸ்கிப்பர் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தின்று வளர்வது புல்லைத்தான். பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீக்களில் சில இனங்கள் கூடு கட்டுவதும் அடர்ந்த புல்லின் அடியில்தான். தேன் மட்டும் கொடுத்தால் பூச்சி வந்துபோகும், தங்காது.

இதற்குப் பொறுமை வேண்டும். பல்லாண்டுச் செடிகள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். முதல் ஆண்டு முழுக்கப் பச்சையாகவே இருக்கும், களை ஓங்காமல் அவ்வப்போது வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், எந்தப் புல் என்று கட்டாயம் பாருங்கள். ரைகிராஸ் இருந்தால் பூக்களை அமுக்கிவிடும். ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிய புல் இடம் விடும். உரமே போடாதீர்கள், மண் வளமானால் புல் ஓங்கிப் பூக்களை அமுக்கிவிடும். வெட்டிய புல்லை அங்கேயே மக்கவும் விடாதீர்கள், அதுவும் உரம்தான். குளிர்ப் பிரதேசங்களில் யெல்லோ ராட்டில் என்ற செடியையும் சேர்ப்பார்கள். அதன் வேர் புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சுவதால் புல் தளர்ந்து, பூவுக்கு இடம் கிடைக்கும். அதன் விதை முளைக்க நீண்ட குளிர் வேண்டும் என்பதால் இலையுதிர் காலத்திலேயே தூவிவிடுவது நல்லது.

மண் மிகவும் வளமாக இருந்து, மேல்மண்ணை அகற்றவும் வழியில்லை என்றால் மட்டும் ஓராண்டுப் பூக்களுக்குப் போங்கள். கிளறும்போது ஓரமாக ஒரு பட்டையைத் தொடாமல் விட்டுவையுங்கள்.