மாதம் 99 ரூபாய் கொடுத்து ‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று கேட்டுக்கொள்ள ஒரு ஆப்

பெயர் வேண்டாம். மாவட்டவாரியாகச் சுருக்கச் செய்தி தருகிறோம் என்று தமிழில் வரிசையாக வந்துகொண்டிருக்கும் ஆப்களில் ஒன்று. விளம்பரத் தொல்லை இல்லாமல் படிக்க மாதம் 99 ரூபாய். கட்டித்தான் பார்த்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மதுரை என்று தேர்வு செய்துவிட்டால் நாளைக்கு எந்த ஏரியாவில் மின்தடை, வைகை அணையில் எப்போது தண்ணீர் திறப்பு, எந்த ரோட்டில் பாலம் வேலை என்று ஊருக்குத் தேவையான சமாச்சாரம் ஒழுங்காக வருகிறது. ஆடியோ வசதி உண்மையிலேயே உருப்படியானது. ஒத்தக்கடையில் பஸ் ஏறி பெரியார் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்வதற்குள், கோரிப்பாளையம் நெரிசலையும் சேர்த்து, அன்றைய செய்தி முழுவதையும் காதிலேயே கேட்டு முடித்துவிடலாம். இயந்திரக் குரல்தான், ‘திருப்பரங்குன்றம்’ வரும்போது மட்டும் நாக்கு குழறும், மற்றபடி குறை இல்லை.

வில்லங்கமெல்லாம் அந்த சர்வே பகுதியில் இருக்கிறது. தினமும் ராத்திரி ‘இன்று உங்களுக்கு எவ்வளவு தெரியும்?’ என்று ஐந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி, நான்கு விடைகள். ‘தெரியாது’ என்று அழுத்த பட்டனே கிடையாது. எதையாவது தொட வேண்டும், தொடாமல் நேரம் போனால் தப்பு என்று கணக்கு. ஐந்தையும் முடித்தால் பாயின்ட், பாயின்ட் சேர்ந்தால் ரீசார்ஜ் கூப்பன். பக்கத்து வீட்டுத் தம்பி கேள்வியைப் படிப்பதே இல்லை, ஐந்துக்கும் முதல் விடையைத் தட்டிவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போய்விடுவான். கேட்டால் “கூப்பன் வருதுல்லண்ணே” என்கிறான். அவன் மேல் தப்பே இல்லை.

இதை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரு கார்டு போடுகிறார்கள். சிவப்புப் பின்னணி, தலையைச் சொறியும் ஒரு ஆள் படம், ‘மதுரைக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நாட்டின் பெரிய செய்திகளே தெரியவில்லை!’ அது அப்படியே எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றும். ரிட்டயர்டு வாத்தியாரான என் சித்தப்பா அதை அனுப்பி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேப்பரைத் தொடுவதே இல்லை என்று கீழே நான்கு வரி எழுதியிருந்தார். எத்தனை பேரிடம் கேட்டார்கள் சித்தப்பா என்று கேட்டால், “அதெல்லாம் கீழ போட்டிருப்பாங்கடா” என்றார். கீழே லோகோதான் இருக்கிறது. எத்தனை பேர், என்ன வயது, டவுனா கிராமமா, ஆண் எத்தனை பெண் எத்தனை, ஒன்றும் இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று. ஒருநாள் கேள்வி, ‘2000 ரூபாய் நோட்டு இப்போது செல்லுமா?’ அவர்கள் வைத்திருந்த சரியான விடை ‘செல்லாது.’ ரிசர்வ் வங்கி 2023 மே 19 அன்று அந்த நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தபோதே, சட்டப்படி செல்லும் என்பதையும் சேர்த்தே சொன்னது. அந்த வருடம் அக்டோபர் 7 வரை எல்லா வங்கியிலும் வாங்கினார்கள், அதன்பிறகு வங்கிக் கிளையில் எடுப்பதில்லை, ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் கொடுக்கலாம். நமக்கு என்றால் சென்னை, இல்லாவிட்டால் திருவனந்தபுரம். அவ்வளவு தூரம் அலைய முடியாதவர்கள் தபாலிலும் அனுப்பலாம். கடையில் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆக, செய்தியை ஒழுங்காகப் படித்து ‘செல்லும்’ என்று தொட்டவன் அந்த வாரக் கணக்கில் அறியாதவன், அரைகுறையாகக் கேள்விப்பட்டு ‘செல்லாது’ என்று தொட்டவன் விவரமானவன்! வாடிக்கையாளர் சேவைக்கு ரிசர்வ் வங்கி அறிவிப்பின் லிங்க்கோடு எழுதினேன், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. கருத்தாம்.

‘தெரியாது’ பட்டன் இல்லாததை நான் பெரிதுபடுத்துவதாக நினைக்க வேண்டாம். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டம்’ பற்றி உங்கள் கருத்து என்ன என்று மக்களிடம் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது, கேள்விக்காகக் கற்பனையாக உருவாக்கியது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆதரிக்கிறேன், எதிர்க்கிறேன் என்று பதில் சொன்னார். கருத்து இல்லை என்று சொல்ல வெளிப்படையாக வழிவிட்டுக் கேட்டபோது அந்த எண்ணிக்கை வெகுவாக இறங்கிவிட்டது. கேட்கிற விதத்தாலேயே ‘தெரிந்தவர்களையும்’ உண்டாக்கலாம், ‘தெரியாதவர்களையும்’ உண்டாக்கலாம்.

ஆப்காரர்களுக்கு இரண்டாவது முறை எழுதியபோது வந்த பதில், ‘ஆயிரக்கணக்கானோர் பங்கேற்கிறார்கள்.’ பங்கேற்கட்டுமே. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவுப் பட்டியலிலும் பெயர் எடுத்தால், அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் யார் வீட்டில் போன் இருந்திருக்கும், யார் வீட்டில் கார் இருந்திருக்கும்? பதில் போடத் துடித்தவர்கள் யார் என்பது அதற்கு மேல் ஒரு சிக்கல். அதே தேர்தலில் ஏறத்தாழ 50,000 பேரிடம் மட்டும் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப், ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். ஆளைச் சரியாகப் பொறுக்கினால் ஆயிரம் பேரே போதும், பிழை மூன்று சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு நெட் பேக் மிச்சமிருந்து, கூப்பன் ஆசையில் திரை தட்டுகிறவர்கள் மதுரை மாவட்டம் ஆகிவிட மாட்டார்கள். முறையாக ஆள் வைத்துக் கேட்பவர்களே சறுக்குகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலான எக்ஸிட் போல்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றன, வந்தது 293.

‘உலகத்திலேயே அறியாமையில் இந்தியா முதலிடம்’ என்று ஒரு கார்டும் போட்டார்கள். அது 2016இல் இப்சோஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 40 நாடுகளில் நடத்திய ஆய்வு. ஆண்டைப் போடாமல் நேற்று நடந்தது போலப் போட்டிருந்தார்கள். அதில் கேட்டவை மக்கள்தொகையில் இன்னார் எத்தனை சதவீதம், எத்தனை பேர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது மாதிரி ஊகக் கேள்விகள். இந்தியாவில் பதில் சொன்னவர்கள் இன்டர்நெட் வசதி உள்ள, படித்த, நகரத்துக்காரர்கள். ஆகவே அது சொல்வது கார்டைப் பகிர்ந்து சிரித்தவர்களைப் பற்றித்தான்.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாம் மேதாவி என்று சொல்ல வரவில்லை. 2016 நோட்டு மாற்றத்தின்போது புது 2000 ரூபாயில் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடிக்கும் என்று ஒத்தக்கடை டீக்கடை பெஞ்சில் சத்தியம் பண்ணியவர்களை எனக்கே தெரியும். துணைக் குடியரசுத் தலைவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். ஆனால் 2024 நவம்பரில் மேலூர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போன செய்தி வந்தபிறகு அதே பெஞ்சில் நடந்த பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். சுமார் 5000 ஏக்கர், எந்தெந்த ஊர் உள்ளே வருகிறது, அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவித்த பிறகு இதை எப்படி ஏலம் விட்டார்கள், சட்டமன்றத் தீர்மானம் என்ன சொல்கிறது என்று பள்ளிக்கூடம் பாதியில் விட்ட பெரிசுகள் விரல்விட்டுச் சொன்னார்கள். “மாப்ள, மேப்ப எடு, எங்க கம்மா உள்ள வருதான்னு பாரு” என்று என் போனையே பிடுங்கினார் ஒரு மாமா. ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் ஆபீஸுக்குப் புறப்பட்ட கூட்டம் எங்கள் ரோட்டில்தான் போனது. 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் பெரிசுகளிடம் இந்த ஆப் இல்லை, அதனால் எந்த ஞாயிற்றுக்கிழமைக் கார்டிலும் அவர்கள் வர மாட்டார்கள்.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார். இரண்டும் ஆடியோவுக்கும் மின்தடை அறிவிப்புக்கும். அவை இலவச வடிவத்திலேயே இருக்கின்றன, நடுவில் நகைக்கடை விளம்பரம் வரும், அவ்வளவுதான். ஏற்கனவே கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆப்பை அழித்துவிட்டால் மட்டும் பணம் பிடிப்பது நிற்காது. நீங்கள் பணம் கட்டிய யுபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை ரத்து செய்யுங்கள், அடுத்த 99 போவதற்குள்.