சிங்கப்பூரில் சம்பளப் பாக்கி: டிஏடிஎம் சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களில் பலர் அப்படி ஒன்று இருப்பதாக நம்பித்தான் விமானம் ஏறுகிறார்கள். துப்புரவு, பாதுகாவல் போன்ற துறைகளில் நடைமுறையிலுள்ள படிப்படியான சம்பள முறையும், 2024 ஜூலையில் 1,600 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) உயர்த்தப்பட்ட உள்ளூர்த் தகுதிச் சம்பளமும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியவை. வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க விரும்பும் நிறுவனம் தன் உள்ளூர் ஊழியருக்கு இந்தத் தகுதிச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். ஒர்க் பர்மிட்டில் வரும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கோ அப்படி எந்த வரம்பும் இல்லை. எனவே, சம்பளம் வராதபோது தொழிலாளி போய் நிற்கும் டிஏடிஎம் என்ற முத்தரப்புச் (அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள்) சமரச அமைப்பை எடைபோடும்போது ஒன்றை மறக்கக் கூடாது: எவ்வளவு சம்பளம் நியாயம் என்று அது சொல்லாது, ஒப்புக்கொண்ட சம்பளத்தை வாங்கித்தர மட்டுமே முயலும்.

அந்த எல்லைக்குள் பார்த்தால் இது நல்ல ஏற்பாடுதான். 2017 ஏப்ரலில், வேலை தொடர்பான கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றமும் இந்தச் சமரச அமைப்பும் சேர்ந்தே நடைமுறைக்கு வந்தன. முதலில் சமரசப் பேச்சு. அதில் உடன்பாடு ஏற்படாவிட்டால் டிஏடிஎம் தரும் சான்றிதழோடு நான்கு வாரங்களுக்குள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்பதால், பணபலமுள்ள முதலாளி சட்ட நிபுணரை முன்னே நிறுத்தித் தொழிலாளியைத் திணறடிக்க முடியாது. கோரக்கூடிய தொகைக்கு 20,000 வெள்ளி உச்சவரம்பு. தொழிற்சங்கத்தின் துணையோடு வரும் கோரிக்கைக்கு 30,000 வெள்ளி. மாதச் சம்பளக்காரரான கட்டுமானத் தொழிலாளியின் பாக்கி இந்த வரம்பைத் தாண்டுவது அரிது.

காலக்கெடுதான் கறாரானது. வேலையில் இருப்பவர் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள்ளும் கோரிக்கையைப் பதிய வேண்டும். ‘அடுத்த மாசம் சேர்த்துத் தருகிறேன்’ என்ற பேச்சை நம்பிக் காத்திருப்பவர்களின் பழைய பாக்கி, மாதத்துக்கு ஒன்றாகக் கணக்கிலிருந்து உதிர்ந்துபோகும்.

இந்தச் சேவையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் காகிதம் ஐபிஏ எனப்படும் முன் அனுமதிக் கடிதம். அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், பிடித்தங்கள் ஆகியவை அதில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். அதில் உள்ள தொகையை முதலாளி தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. குறைப்பதென்றால் தொழிலாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதமும், மனிதவள அமைச்சுக்கு முன்கூட்டியே தகவலும் வேண்டும். கடிதத்தில் ஒரு தொகை, இங்கே வந்தபின் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் வேறொரு தொகை என்ற பழைய தகராறிலும், கடிதத்தில் உள்ள தொகையே முதல் நோக்கில் சான்று, மறுப்பவர் முதலாளியானால் நிரூபிக்க வேண்டியவரும் அவரே என்ற பொருளில் உயர் நீதிமன்றம் 2017இல் வழங்கிய தீர்ப்பு தொழிலாளிக்குப் பெரிய பலம்.

ஆனால் அந்தக் கடிதத்திலேயே தொகை பிரிக்கப்பட்டிருக்கும் விதத்தில் இழப்பு ஒளிந்திருந்தால் டிஏடிஎம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஓடி எனப்படும் மிகைநேரச் சம்பளத்தைக் கணக்கிடுவதற்கு, மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்று 2,288ஆல் வகுத்து, வருகிற தொகையை ஒன்றரை மடங்காக்க வேண்டும். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 800 வெள்ளி என்றால் ஒரு மணி நேர ஓடி ஏறத்தாழ 6 வெள்ளி 29 காசு. அதே 800 வெள்ளியைப் பேசிக் 500, படி 300 என்று பிரித்து எழுதினால், படி கணக்கில் சேராததால், அது 3 வெள்ளி 93 காசாக இறங்கிவிடும். மாதம் 60 மணி நேரம் ஓடி பார்ப்பவருக்கு இதனால் 141 வெள்ளிக்கு மேல் குறையும், அதுவும் முழுக்க முழுக்கச் சட்டப்படி! ஏஜென்ட் காட்டும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஊரிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

சான்று சேர்க்கும் சுமை தொழிலாளியின் தலையில்தான் விழுகிறது. விவரமான சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் சீட்டில் மணி நேரத்தைக் குறைத்து எழுதினால் அதை மறுக்கத் தன் கைக்குறிப்போ, நேர அட்டையின் படமோ, மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ வேண்டும். ஓய்வு நாளில் பாதி நாளுக்கு மேல் வேலை செய்தால் முதலாளி கேட்டுக்கொண்டதற்கு இரண்டு நாள் சம்பளம், தானாகக் கேட்டுச் செய்ததற்கு ஒரு நாள் சம்பளம் என்பது விதி. யார் கேட்டது என்பதற்கு அந்தச் செய்தியைத் தவிர வேறு என்ன சாட்சி இருக்கப்போகிறது? தங்குவிடுதிகளில் வசிப்போருக்குச் சம்பளத்தை வங்கி வழியாகவே தர வேண்டும் என்ற 2020 ஜூலை விதி வந்தபின், ‘கையில் கொடுத்துவிட்டேன்’ என்ற சாக்கு பெருமளவு அடிபட்டுப்போனது. வங்கியில் போட்ட பணத்தில் ஒரு பங்கை ரொக்கமாகத் திருப்பிக் கேட்கும் தந்திரத்துக்கு மட்டும் அந்த விதியிடம் பதில் இல்லை. வேலை தருவதற்காக அப்படிப் பணம் வாங்குவது குற்றம் என்று சட்டம் இருந்தாலும், ரொக்கத்துக்குத் தடயம் ஏது?

சமரசம் என்ற முறையைப் பற்றியும் என் எண்ணத்தைச் சொல்ல வேண்டும். பர்மிட் ரத்தாகி, ஸ்பெஷல் பாஸ் எனப்படும் தற்காலிகத் தங்கும் அனுமதியில் இருக்கும் ஒருவர், ஊரில் வட்டிக் கடன் ஏறிக்கொண்டிருக்கும்போது, முழுத்தொகைக்காகக் காத்திருப்பதைவிட முக்கால் தொகையை வாங்கிக்கொண்டு கிளம்பத்தான் பார்ப்பார். கோப்பில் அது சுமுகமான தீர்வு. எனக்கு அது கால் பங்கு தள்ளுபடியாகத்தான் தெரிகிறது. நியாயமான கோரிக்கை உள்ளவர்கள் வேறு முதலாளியிடம் மாற அமைச்சு வழிசெய்வதால் இந்த நெருக்கடி ஓரளவு தணிகிறது. அந்த வாய்ப்பு இருப்பதைப் பேச்சு தொடங்குமுன்பே கேட்டுத் தெரிந்துகொள்பவருக்குப் பேரம் பேசத் தெம்பு வரும்.

தனியாகப் போகத் தயங்குகிறவர்கள், சிராங்கூன் ரோட்டில் உள்ள வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை முதலில் அணுகலாம். காகிதங்களை வரிசைப்படுத்தித் தேதிவாரியாகக் கணக்கெழுதிக்கொண்டு போகிறவருக்கு டிஏடிஎம் சேவையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். முதலாளியின் நிறுவனமே நொடித்துப்போயிருந்தால் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்: நடுவர் மன்றத்தின் உத்தரவு கைக்கு வந்தபிறகும், அதை நிறைவேற்றக் கோரித் தொழிலாளியே மறுபடி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும்.