புவனோஸ் ஐரிஸ் போகிறீர்களா? டாக்ஸியில் பெரிய நோட்டை நீட்டாதீர்கள், ஹோட்டலில் ரொக்கம் கொடுக்காதீர்கள்

அர்ஜென்டினா தலைநகர் புவனோஸ் ஐரிஸுக்குப் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நானும் என் கணவரும் ஒரு நீண்ட வார இறுதிக்குப் போய்வந்தோம். இவருக்கு இப்போது வேலை பிரேசிலின் சாவ் பாவ்லோவில், அங்கிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம்தான். போன இடத்தில் டாக்ஸியில் ஒரு முறை, தங்கிய ஹோட்டலில் ஒரு முறை என்று நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். பணம் போனதைவிட, எவ்வளவு பழகிய கையோடு செய்தார்கள் என்பதுதான் இன்னும் கொதிக்கிறது.

முதலில் டாக்ஸி. ஞாயிற்றுக்கிழமை சான் தெல்மோ பகுதியில் டிஃபென்ஸா தெரு நெடுக சந்தை நடக்கும், பழைய வெள்ளிச் சாமான், தோல் பை, தெருவிலேயே டாங்கோ ஆட்டம் என்று பார்க்கப் பார்க்க நேரம் போவதே தெரியாது. பொழுது சாய்ந்ததும் ஊரின் இன்னொரு பகுதியான பாலெர்மோவில் சாப்பிடலாம் என்று தெருவில் வந்த ஒரு கருப்பு மஞ்சள் டாக்ஸியைக் கை காட்டி நிறுத்தினோம். மீட்டர் போட்டார், சுற்றுவழியில் போகவில்லை, எந்த ஊர், மெஸ்ஸியைப் பிடிக்குமா என்று சிரித்துச் சிரித்துப் பேசினார். இறங்கும்போது மீட்டரில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பெசோ. இவர் ஒரு இருபதாயிரம் பெசோ நோட்டைக் கொடுத்தார். டிரைவர் அதை வாங்கிக்கொண்டு சில்லறை தேடுகிறவர் மாதிரி முன்பக்கம் குனிந்தார், இரண்டு நொடிகூட இருக்காது, திரும்பி நோட்டை நீட்டி, 'ஃபால்ஸோ, ஃபால்ஸோ' என்றார், அதாவது கள்ள நோட்டாம். உள்ளே விளக்கு இல்லை, பின்னால் வேறு வண்டிக்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். இவர் அதை வாங்கிக்கொண்டு இன்னொரு இருபதாயிரத்தைக் கொடுத்தார், அதற்கும் அதே கதை. கடைசியில் சின்ன நோட்டுகளாக எண்ணிக் கொடுத்ததும் ஒரு 'கிராசியாஸ்' சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாப்பிட்டு முடித்து, கடையில் அந்த நோட்டுகளைக் காட்டிச் சரிபார்க்கச் சொன்னோம். பரிமாறிய பையன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் தலையை ஆட்டிவிட்டான். அப்புறம்தான் பர்ஸில் மிச்சமிருந்த நோட்டுகளை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எங்களுடையவை அன்று காலையில்தான் உரிமம் உள்ள பணமாற்று நிலையத்தில் வாங்கிய புத்தம் புது நோட்டுகள், வரிசை எண்கள் அடுத்தடுத்து இருந்தன, விரலால் தடவினால் அச்சு மேடாகத் தட்டுப்பட்டது, வெளிச்சத்தில் பிடித்தால், அந்த நோட்டில் படம் இருக்கும் அர்ஜென்டினா சட்ட அறிஞர் அல்பெர்தியின் முகம் நீர்க்குறியாகத் தெரிந்தது. டிரைவர் திருப்பிக் கொடுத்த இரண்டும் துவைத்த துணி மாதிரி தொளதொளவென்று இருந்தன. நீர்க்குறி இல்லை. இரண்டு நோட்டிலும் ஒரே எண்! அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இவர் கொடுத்த நல்ல நோட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு, தயாராக வைத்திருந்த கள்ள நோட்டுகளை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

நாற்பதாயிரம் பெசோ என்றால் அப்போது ஏறக்குறைய முப்பது டாலர். பெரிய தொகை இல்லைதான், ஆனால் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பேரிடம் செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மறுநாள் கொரியெந்தெஸ் அவென்யூ 436இல் இருக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கான காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். நீங்கள் தெருவில் டாக்ஸி பிடித்தே ஆக வேண்டும் என்றால் ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கையின் பின்புறம் மாட்டியிருக்கும் அட்டையை, டிரைவரின் படமும் உரிம எண்ணும் அதில் இருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பார்க்கவே எடுங்கள், தப்பில்லை. நோட்டைக் கொடுக்கும்போது அதன் தொகையை வாய்விட்டுச் சொல்லி, கடைசி மூன்று எண்ணையும் சேர்த்துப் படித்துக் கொடுங்கள். இதைவிட நல்லது, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோட்டை வண்டிக்குள் எடுக்கவே எடுக்காதீர்கள். ஊபர், காபிஃபை இரண்டும் அங்கே ஓடுகின்றன, கார்டிலேயே காசு போய்விடும். நாங்கள் போன அதே தூரத்துக்கு மெட்ரோவும் இருக்கிறது, சந்தை பிளாசா தே மாயோ சதுக்கத்தின் பக்கம் முடிகிற இடத்தில் கதெத்ரால் நிலையம், அங்கே டி லைன் ஏறினால் பிளாசா இத்தாலியாவில் இறங்கி பாலெர்மோவுக்கு நடந்துவிடலாம்.

இன்னொன்று. பழைய பயணக் குறிப்புகளில் எல்லாம் டாலர் நோட்டாகக் கொண்டுபோய் ஃப்ளோரிதா தெருவில் 'காம்பியோ, காம்பியோ' (பணம் மாற்றம்) என்று கூவுகிறவர்களிடம் மாற்றினால் லாபம் என்று எழுதியிருக்கும். அது ஒரு காலம். 2025 ஏப்ரலில் தனிநபர்கள் டாலர் வாங்குவதற்கான கட்டுப்பாட்டை அரசு பெரும்பாலும் எடுத்துவிட்டது, அதன் பிறகு கறுப்புச் சந்தை விலைக்கும் வங்கி விலைக்கும் முன்பிருந்த பெரிய இடைவெளி இல்லை. நாலு காசு கூடக் கிடைக்கும் என்று முன்பின் தெரியாதவர் பின்னால் மாடி ஏறிப் போகாதீர்கள்.

இப்போது ஹோட்டல் விஷயம், என்னைக் கேட்டால் இதுதான் பெரிய மோசடி. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் அறை வாடகைக்கு 21 சதவீத வாட் வரி கட்ட வேண்டியதில்லை, 2017இல் இருந்தே அங்கே சட்டம் அப்படி. பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், வெளிநாட்டில் வாங்கிய கார்டில் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. எங்கள் அறைக்கு 240 டாலர் என்று பதிவு செய்திருந்தோம். கிளம்புகிற நாள் காலையில் ரிசப்ஷனில் இருந்தவர் 290 டாலர் பில்லை நீட்டினார், கேட்டால் வரியாம். கார்டைக் கொடுத்தால் மெஷின் வேலை செய்யவில்லை, டாலர் நோட்டாகக் கொடுங்கள் என்றார். நாங்கள் நிற்கும்போதே பக்கத்தில் இருந்த உள்ளூர்க்காரர் அதே மெஷினில் கார்டைத் தட்டிவிட்டுப் போகிறார்! அதைக் காட்டிக் கேட்டதற்கு, வெளிநாட்டுக் கார்டு மட்டும் எடுக்காது என்று கூசாமல் சொன்னார். சட்டத்தைச் சொன்னோம், மேலாளர் இல்லை என்றார். விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அது அவருக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் கொடுத்தோம், ரசீது கேட்டதற்கு வெறும் தாளில் தொகையைக் கையால் எழுதித் தந்தார்.

அந்த ஊரில் சுடுதண்ணீர் வராத குளியலறையைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன், இந்த அறையில் அதுவும் நடந்தது, ஆனால் இந்தப் பொய்யைப் பொறுக்க முடியவில்லை. அதனால் அறை போடும்போதே ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள்: வெளிநாட்டுக் கார்டு எடுப்பீர்களா, வரி விலக்கோடு பில் தருவீர்களா என்று. பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு, உள்ளே நுழைந்த அன்றே கார்டில் கட்டி முறையான பில்லை வாங்கிவிடுங்கள், கடைசி நாள் வரைக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். மெஷின் ஓடவில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்க அப்போது உங்களுக்கு நேரம் இருக்கும். நாங்கள் பதிவு செய்த தளத்துக்கு அந்தக் கைத்தாளின் படத்தோடு புகார் அனுப்பியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. பணம் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.