எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் .22 தோட்டா: பயிற்சிக்குப் போதும், போட்டிக்குப் போதாது

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்றதைப் பார்த்த பிறகு, ஏர் ரைஃபிளை விட்டு இதற்கு மாறியே தீருவேன் என்று என் மகள் பிடிவாதம் பிடித்தாள். அன்று முதல் அவளுக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது என் பொறுப்பாகிவிட்டது. தில்லி ஆர்.கே.புரத்துத் தமிழ் நண்பர்கள் இருவரின் பிள்ளைகளும் இப்போது துக்ளகாபாதிலுள்ள கர்ணி சிங் சுடுதளத்தில் பயிற்சி பெறுகிறார்கள். எந்தத் தோட்டா வாங்கலாம் என்று அவர்கள் கேட்டதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு இணையத்தில் விடை தேடினால் அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் அறிவுரைகளே முன்னால் வந்து நிற்கின்றன. அவர்களுடைய தேவை வேறு. மானை வதைபடவிடாமல் ஒரே குண்டில் வீழ்த்த வேண்டும் என்பதால், குழல் முனையில் ஏறத்தாழ 3,500 ஜூல் ஆற்றல் தரும் .308 போன்ற தோட்டாக்களையும், உடலுக்குள் சென்று விரியும் குண்டுகளையும் அவர்கள் தேடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் நம் நாட்டில் அந்த வேட்டைக்கு இடமில்லை. நம் பிள்ளைகள் சுடும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் 2.6 கிராம் ஈயக் குண்டு 140 ஜூலைத் தாண்டுவதில்லை. அதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: போட்டியின் முதல் குண்டு போன வழியிலேயே கடைசியான அறுபதாவது குண்டும் போகிறதா?

எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் ஜெர்மனியின் ஷோனபெக் நகரில் தயாராகிறது. ஒரு பெட்டியில் 50 தோட்டாக்கள். குண்டு நொடிக்கு 327 மீட்டர் வேகத்தில் புறப்படும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். ஒலியின் வேகத்தைவிட இது சற்றுக் குறைவாக இருப்பது வேண்டுமென்றே செய்ததுதான். ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு, நடுவழியில் வேகம் தணிந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது தடுமாறும்.

இந்த வகைத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்புறத்து விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். பூச்சு ஒரே சீராக இல்லையென்றால் குண்டுக்குக் குண்டு வேகம் மாறும். நொடிக்கு 10 மீட்டர் வேக வேறுபாடு, 50 மீட்டர் தூரத்தில் கணக்குப்படி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் மேல்கீழ் வேறுபாடாக வந்து நிற்கும். இலக்கின் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; குண்டின் விட்டம் 5.6. வளையக் கோட்டைத் தொட்டாலும் பத்துதான் என்பதால், குண்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, மணல் மூட்டையின் மேல் ரைஃபிளை நிறுத்தி, பத்துப் பத்துக் குண்டுகளாகச் சுட்டுப் பார்த்தோம். ஸ்டாண்டர்ட் பிளஸ்ஸில் பத்துத் துளைகள் மையத்துக்கு மையம் 16 மில்லிமீட்டருக்குள் அடங்கின. போட்டிக்கென்றே செய்யப்படும் ஈலி டெனெக்ஸ் தோட்டாவில் 12-க்குள். எண்ணளவில் சிறிய வேறுபாடுதான். ஆனால் 16 என்றால், சுடுபவர் கடுகளவும் பிசகாமல் சுட்டால்தான் பத்தும் பத்தாக விழும். அவர் பிசகுவதற்கு அதில் இடமே இல்லை. மண்டியிட்டும் நின்றும் சுடும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். ஒரு செய்தி: தோட்டா மாற்றியதும் முதல் இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு குழலில் படியும்; பழைய மெழுகு போய்ப் புதியது படியும் வரை குண்டுகள் சிதறும்.

மேலே சொன்ன 16 மில்லிமீட்டர் எங்கள் ரைஃபிளுக்கும் அந்த ஒரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் தயாரான, ஒரே எண் அச்சிட்ட தொகுதிக்கும்) உரியது. சென்ற ஆண்டு ஒரு விற்பனையாளரிடம் ஒரே லாட் வேண்டும் என்று சொல்லிப் பணம் கட்டி 500 தோட்டாக்கள் வாங்கினேன். வீட்டில் பிரித்துப் பார்த்தபோது ஆறு பெட்டிகளில் ஓர் எண்ணும் நான்கில் வேறோர் எண்ணும் இருந்தன. அந்த நான்கு பெட்டித் தோட்டாக்களும் எங்கள் ரைஃபிளில் ஒரு வளையம் கீழே இறங்கின. என் மகள் தன் மூச்சில்தான் குறை என்று எண்ணி இரண்டு வாரம் கலங்கினாள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஆகவே பெட்டியின் மடிப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கடையிலேயே, ஒவ்வொரு பெட்டியாக, படித்துப் பாருங்கள்.

தில்லிக் குளிரையும் சொல்ல வேண்டும். ஜனவரிக் காலையில் பெட்டியைத் திறந்தால், வழக்கமாக விரலில் பிசுபிசுக்கும் மெழுகு வெளுத்து இறுகி, நகம் பட்டால் செதிலாக உதிர்கிறது. அப்படி இறுகிய தோட்டாக்கள் எங்களுக்குத் தாழ்வாகவே விழுந்தன. இப்போது என் மகள் பெட்டிகளை ஒரு கம்பளித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்து, சுடும்போது மட்டும் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறாள்.

விலையைப் பார்த்தால், வாரம் நான்கு நாள் பயிற்சிக்கு ஸ்டாண்டர்ட் பிளஸ்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. தோட்டா வெடிக்காமல் போனது இதுவரை ஒரே ஒரு முறைதான். போட்டிக்கு மட்டும், சுட்டுப் பார்த்துத் தேர்ந்த ஒரே லாட் டெனெக்ஸில் ஆறு பெட்டிகளைத் தனியே பூட்டி வைத்திருக்கிறோம். போட்டிக்கு முந்தைய மூன்று நாள் பயிற்சியும் அதிலேயே நடக்கும்.