பிள்ளைக்கு வாங்கிய வாட்சில் அட்மின் யார் என்று பார்த்துவிடுங்கள்

நாங்கள் மதுரை மேலமடையில் இருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு, சாயங்காலம் கோமதிபுரத்தில் டியூஷன். நான் வேலை முடிந்து வர ஆறரை ஆகிவிடும். அதுவரை பிள்ளை எங்கிட்டு இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும் என்றுதான், தீபாவளிக்கு முன்னால் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் சிம் போடுகிற வாட்ச் வாங்கினேன். 1,850 ரூபாய். பெட்டி மேலே ஜிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கடைத் தம்பி தன்மையாகத்தான் பேசினார். "ஜியோ சிம் இதுல எடுக்காதுக்கா, ஏர்டெல் போட்டுக்கங்க" என்றார். ஏன் எடுக்காது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அது பழைய 2ஜி நெட்வொர்க்கில் மட்டும் ஓடுகிற வாட்ச். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. என் பேரில் ஏர்டெல் சிம் வாங்கிப் போட்டதும், வாட்சின் பின்பக்கம் இருந்த க்யூஆர் கோடைத் தன் போனில் ஸ்கேன் செய்தார். பக்கவாட்டுப் பொத்தானை மூன்று விநாடி அமுக்கச் சொன்னார். அவர் போன் மணியடித்தது. "பாத்தீங்களாக்கா, அவசரம்னா இப்படித்தான் கால் வரும்." அதற்கப்புறம் என் போனிலும் ஆப்பை ஏற்றி, தன் போனில் எதையோ தட்டி 'ஓகே' கொடுத்தார். வேலை முடிந்தது என்று நானும் வந்துவிட்டேன்.

வாங்கிப் பதினாறாம் நாள் நல்ல மழை. வீட்டுக்கு வந்தால் பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டு அக்காவும் பார்க்கவில்லை என்றார். டியூஷன் மிஸ் போன் சுவிட்ச் ஆஃப். வாட்சுக்கு அடித்தால் லைன் போகவில்லை. ஆப்பைத் திறந்தேன். வண்டியூர் கண்மாய்க்கு நடுவில், நீலமாய் இருக்கிற தண்ணீர் மேல், என் மகள் போட்டோ வைத்த சின்ன வட்டம். கண்மாய் அப்போது நிறைந்து கிடந்தது. அந்த ஒரு நிமிஷத்தை என்னால் எழுத முடியாது. செருப்புகூடப் போடாமல் கரையைப் பார்த்து ஓடினேன். எதிர்வீட்டு அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு கோமதிபுரம் போனார். பிள்ளை டியூஷனில்தான் இருந்தாள். கரண்ட் போய், மழை விடட்டும் என்று மிஸ் எல்லாரையும் உட்கார வைத்திருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி அவள் சொன்னாள்: "இருட்டா இருந்துச்சும்மா, பயத்துல பட்டனை அமுக்கினேன். நீ எடுக்கவே இல்ல." எனக்குக் காலே வரவில்லை.

என் தம்பி ஆப்பைப் பிரித்துப் பார்த்தான். உறுப்பினர் பட்டியலில் இரண்டு எண்கள். இரண்டாவது என்னுடையது. முதல் எண்ணுக்குப் பக்கத்தில் 'அட்மின்' என்று இருந்தது. கடைத் தம்பியின் எண். அவசர அழைப்பும் அவருக்குத்தான் போயிருக்கிறது. வாட்சை முதலில் ஸ்கேன் செய்பவர்தான் அட்மின். அடுத்து வருகிறவர் அவர் அனுமதித்தால் உள்ளே வரலாம். என் பிள்ளைக்கு நான் இரண்டாம் ஆள்.

இன்னொன்றையும் தம்பி காட்டினான். ஓர் எண்ணைப் போட்டுவிட்டால், வாட்ச் மணியடிக்காமல், திரையில் எதுவும் தெரியாமல் அந்த எண்ணுக்குத் தானே கால் செய்யும். சுற்றிலும் பேசுவதெல்லாம் கேட்கும். பதினாறு நாள் அந்த வசதி ஒரு அந்நியர் போனில் இருந்திருக்கிறது. அவர் கேட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. இப்படி ஒட்டுக்கேட்கிற குழந்தைகள் வாட்சுகளை ஜெர்மனியில் 2017-லேயே தடை செய்து, வீட்டில் இருப்பதை உடைத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே பொம்மை மாதிரி அடுக்கி விற்கிறார்கள்.

கடைக்குப் போனோம். "டெஸ்டிங்குக்குப் போட்டதுக்கா, அப்படியே விட்டுப்போச்சு" என்றார் கடைத் தம்பி. கண்மாயைப் பற்றிக் கேட்டால், "டவரை வச்சுக் காட்டும்க்கா, இந்த ரேட்டுல எல்லாமே அப்படித்தான்" என்கிறார். அதாவது அதில் ஜிபிஎஸ்ஸே இல்லை. எந்த செல்போன் டவரில் சிக்னல் எடுக்கிறதோ அதை வைத்து ஒரு குத்துமதிப்பு. நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிக் காட்டும், சில நேரம் கிலோமீட்டர் கணக்கில். உண்மையான ஜிபிஎஸ்ஸும் கட்டடத்துக்குள் தடுமாறும்தான், ஆனால் வெட்டவெளியில் நின்றால் இடத்தைச் சரியாகப் பிடிக்கும். கடை வாசலுக்கு வந்து ரோட்டில் நின்று பார்த்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். பல ஆப்களில் அந்தப் புள்ளியைத் தொட்டால் ஜிபிஎஸ்ஸா எல்பிஎஸ்ஸா என்று எழுதியே இருக்கும். எல்பிஎஸ் என்றால் டவர் கணக்கு.

முதலாளி, சீட்டில் அச்சடித்திருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியைக் காட்டினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். அதைச் சொன்னதும் பாதிப் பணம் தருகிறேன் என்று இறங்கி வந்தார். நான் வாங்கவில்லை. எங்கள் கண்முன்னால் அட்மினிலிருந்து கடைத் தம்பியின் எண்ணை எடுக்க வைத்துவிட்டு வந்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

இந்த மாதிரி வாட்ச் உங்கள் வீட்டில் இருந்தால் இன்று ராத்திரியே ஆப்பில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து பாருங்கள். 123456 என்று பாஸ்வேர்டு இருந்தால் உடனே மாற்றுங்கள். பிள்ளையை வெளியே நிற்க வைத்துப் பொத்தானை அமுக்கச் சொல்லி, யார் போன் அடிக்கிறது என்று காதால் கேளுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் முதல் ஸ்கேனைக் கடைக்காரரைச் செய்ய விடாதீர்கள், எவ்வளவு அவசரமாக இருந்தாலும். என் மகள் இப்போது என் நம்பரையும் அவள் அப்பா நம்பரையும் மனப்பாடமாகச் சொல்கிறாள். பென்சில் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கமும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.