நயாகரா காந்தமும் நங்கநல்லூர் வாஷிங் மிஷினும்

டிசம்பர் கடைசியில் டொராண்டோவிலிருந்து நங்கநல்லூர் வீட்டுக்கு வந்து இறங்கினேன். பெட்டியில் இருந்த அழுக்குத் துணியை வாஷிங் மிஷினில் போடலாம் என்று போனால், மூடிமேல் அம்மிக் குழவி உட்கார்ந்திருக்கிறது.

"எடுக்காதே. அது இருந்தாத்தான் ஓடும்" என்றாள் அம்மா.

மேலே திறக்கும் 6.5 கிலோ மிஷின், வாங்கி 8 வருஷம் ஆகிறது. தண்ணீர் பிடிக்கும், துவைக்கும், அலசும், தண்ணீரை வடிக்கவும் செய்யும். பிழியும் நேரம் வந்ததும் கீ கீ என்று கத்திவிட்டு, மூடி திறந்திருப்பதாகத் திரையில் காட்டி நின்றுவிடும். மூடி என்னவோ மூடித்தான் இருக்கிறது. அம்மா அதைத் தூக்கி ஓங்கிச் சாத்துவாள். மூன்று, நான்கு தடவைக்கு ஒரு தடவை ஓடும். ஓடிவிட்டால் அந்தப் பெருமை குழவிக்கு. ஓடாவிட்டால் துணியைக் கையால் பிழிந்து போட வேண்டியதுதான். 71 வயதில் போர்வை பிழிகிறாள் என்று போனில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

சரி, ஆள் வைத்துச் சரி செய்துவிடலாம் என்று வெளிநாட்டு அவசரத்தில் இணையத்தில் தேடினேன். மேலாக வந்த நம்பருக்குப் போன் செய்தேன். இரண்டே மணி நேரத்தில் டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்தார். டொராண்டோவில் இந்த வேலைக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் ஊரை மெச்சிக்கொண்டேன். அவர் மூன்று பட்டன்களை அழுத்திப் பார்த்தார், கத்தலைக் கேட்டார். "போர்டு போயிடுச்சு சார். 6,800 ஆகும், ஜிஎஸ்டி தனி" என்றார். மிஷினை ஆட்டிவைக்கும் மின்னணு அட்டையைத்தான் போர்டு என்கிறார். மூடியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றதும் விசிட்டிங் சார்ஜ் 450 ரூபாய்க்கு ரசீது கிழித்தார். ரசீதில் மிஷின் கம்பெனியின் பெயரே இல்லை என்பதை அவர் போன பிறகுதான் கவனித்தேன். கம்பெனியின் சொந்த நம்பர் மிஷினின் முதுகிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. அதில் கூப்பிட்டால் நான்கு நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

போர்டு போகாது என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் ஏறி இறங்கும் ஊர், கரப்பான் பூச்சி குடித்தனம் நடத்தும் ஊர், போகத்தான் செய்யும். ஆனால் துவைத்து, அலசி, வடிகட்டி முடித்த போர்டு பிழியும்போது மட்டும் செத்துப்போகுமா என்பதுதான் எனக்கு உறுத்தியது.

ராத்திரி ஜெட்லாகில் தூக்கம் வரவில்லை. மிஷின்காரர்கள் போடும் வீடியோக்களை விடிய விடியப் பார்த்தேன். பழைய மாடல்களில் மூடி ஒரு நெம்புகோலை அழுத்தும், அது சின்ன ஸ்விட்ச் ஒன்றைத் தட்டும். இப்போது வரும் பல மிஷின்களில் அந்த இடத்தில் ரீட் ஸ்விட்ச். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே நீளமான கண்ணாடிக் குழல், உள்ளே ஒன்றையொன்று தொடாமல் இரண்டு மெல்லிய இரும்பு நாக்குகள். மூடியில் ஒரு காந்தம். மூடினால் காந்தம் கிட்டே வரும், நாக்குகள் ஒட்டிக்கொள்ளும், மூடி மூடியிருக்கிறது என்று போர்டுக்குச் சேதி போகும். பிழிய ஆரம்பித்ததும் 'டக்' என்று மூடியைப் பூட்டிக்கொள்ளும் மாடல்களும் உண்டு, அவற்றின் வைத்தியம் வேறு.

மறுநாள் காலை நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். அதே ரயிலில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுத்தவர்களால் பேர் வந்த இடம். மிஷினை நேரே அங்கே அனுப்பியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்குமோ என்னவோ. ரிச்சி தெரு நான் காலேஜ் படித்தபோது இருந்தது போலவேதான் இருக்கிறது. தோளை உரசாமல் நடக்க முடியாது. "பழசைக் கழட்டிக் கொண்டாங்க சார், கனெக்டர் மாறும்" என்றார் முதல் கடைக்காரர். இரண்டாவது கடைக்காரர், "ஸ்விட்சே வேணாம், ரெண்டு ஒயரையும் சேத்து டைரக்ட் பண்ணிடுங்க, கத்தாது" என்று இலவச ஆலோசனை கொடுத்தார். மூன்று ரீட் ஸ்விட்ச், 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டு, இன்ஜினியர் என்ற நினைப்பில் வீடு திரும்பினேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அந்தப் பயம் எப்போதும் உண்டு. பின்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஸ்விட்சிலிருந்து வரும் இரண்டு ஒயர்களின் கனெக்டரைக் கண்டுபிடித்து, மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து முனைகளைப் பிடித்தேன். ஸ்விட்ச் சேர்ந்தால் பீப் என்று கத்த வேண்டும். மூடியைச் சாத்தினால் பீப் இல்லை. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் தெரிந்துவிடும் என்று, நான் அம்மாவுக்கு வாங்கி வந்த நயாகரா காந்தத்தை ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பிய்த்தெடுத்து ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் வைத்தேன். அப்போதும் பீப் இல்லை. ஸ்விட்ச் காலி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

சால்டரிங் அயர்ன் கேட்டு அப்பா தெருமுனைக் கடைக்குப் போனார். மிக்ஸி, ஃபேன், மிஷின் எல்லாம் பார்க்கும் பத்துக்குப் பத்துக் கடை. அயர்னோடு மெக்கானிக்கும் கூடவே வந்துவிட்டார்.

"துணி ஒரு பக்கமா ஒதுங்கினாலும் நிக்கும்மா. அப்ப வேற எழுத்து வரும். இது மூடிதானே காட்டுது?" என்று அம்மாவிடம் கேட்டார். நான் என் ஆராய்ச்சியைச் சொன்னேன். நயாகராவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இது தகடு காந்தம். ஒட்டினாத்தான் புடிக்கும், ஒரு இன்ச் தள்ளினா சக்தி இல்ல." தகடு காந்தத்தில் வட துருவமும் தென் துருவமும் கோடு கோடாக மாறி மாறி வரும், கொஞ்சம் விலகினாலே ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும் என்பது படித்த எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து அதே இடத்தில் வைத்தார். மீட்டர் பீப் என்றது. எடுத்தார், அடங்கியது. ஸ்விட்ச், ஒயர் இரண்டும் கல்லு மாதிரி இருக்கின்றன.

அப்புறம் மூடியைக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ கலகலத்தது.

"அது ஆறு மாசமா அப்படித்தாம்பா கலகலங்குது" என்றாள் அம்மா.

மூடியின் வலது ஓரத்துப் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் காந்தத்தைப் பிடித்திருந்த கொக்கி உடைந்து, காந்தம் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கினால் கீல் பக்கம் சரியும், ஓங்கிச் சாத்தினால் எப்போதாவது சரியான இடத்துக்குத் தாவும். அம்மா ஓங்கிச் சாத்தியதற்கு அர்த்தம் இருந்தது. பாவம், குழவிக்குத்தான் எந்தப் பங்கும் இல்லை.

சட்டத்தின் முனையில் இருந்த அடைப்பை நெம்பிக் காந்தத்தை வெளியே எடுத்தார். கனெக்டரில் மீட்டரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மூடின சட்டத்தின்மேல் அந்தக் காந்தத்தை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். பீப் ஆரம்பித்த இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு, நின்ற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் வருகிற மாதிரி அரால்டைட் போட்டு உள்ளே உட்கார வைத்தார். "மீட்டர் நல்ல மீட்டர் சார்" என்று எனக்கும் ஓர் ஆறுதல்.

ஒயரை டைரக்ட் பண்ணச் சொன்ன கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "பண்ணலாம், பத்து நிமிஷ வேலை. டிரம் நிமிஷத்துக்கு எழுநூறு சுத்து சுத்துது சார். மூடி திறந்தா நிக்கணும். அம்மா நின்னுடுச்சுன்னு நினைச்சு கைய உள்ள விட்டா, ஈரப் புடவை கைய முறுக்கிடும்."

முந்நூறு கேட்டார். என் கனடா நம்பரில் ஜிபே கிடையாது, அப்பாதான் கொடுத்தார். ராத்திரி முழுக்கக் காய வேண்டும், அதுவரை தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அலசிய துணி இரண்டு பக்கெட்டில் விடியும்வரை ஊறியது.

காலையில் காபி கொதிக்கும்போது மிஷின் பிழிந்துகொண்டிருந்தது, குழவி இல்லாமல். அப்போது போன் அடித்தது. டை கட்டிய இளைஞர், போர்டை 6,000க்கே முடித்துத் தருகிறாராம். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, "இருப்பா, ஒரு நிமிஷம்" என்று மிஷின் பக்கமாக நீட்டிப் பிடித்தாள்.